இடப்பக்கத்துக் காலிப்பர்

எல்லாத்துக்கும் அவன்தாங்க காரணம். அந்த ஒருத்தன் தன் வேலையை ஒழுங்காக முடித்திருந்தால் நான் இந்நேரம் ஒண்டிப்புதூரில் என் பழைய கார் யார்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். இப்படி ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக ஊட்டி பஸ்ஸில் இடிபட்டு, முன்பின் தெரியாத உங்களிடம் ஜன்னல் சீட்டுக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்க மாட்டேன். அவன் பேரைச் சொல்ல மாட்டேன். இனிமேல் என் வாயால் அவன் பேர் வராது. மெக்கானிக். அவ்வளவு போதும்.

கொஞ்சம் இக்கட்டால, இந்தப் பக்கம் நகருங்க சார். எனக்கு டிரைவர் பக்கத்து ஜன்னல்தான் வேணும், எதிரே இறங்கி வருகிற வண்டி முகம் தெரியணும். குன்னூர் வந்ததும் நானே எழுந்து உங்களுக்கு முன் சீட்டு பிடிச்சுத் தர்றேன். சரிங்களா? புண்ணியமாப் போகும்.

இப்போ நீங்களும் பாருங்க. மஞ்சள் வண்டி. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, தவளை மாதிரி தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சக்கரத்துக்குள்ளே சிவப்பாகத் தெரியும். பார்த்தால் கத்துங்க. வெட்கப்படாதீங்க, கத்துங்க.

எதுக்கா? அந்த வண்டி குன்னூரில் இருந்து இறங்கி வருது. அதுக்குப் பிரேக் சரியில்லை. ஓட்டுகிற மனுஷனுக்கு அது தெரியாது. பக்கத்தில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருக்கு. போதுங்களா?

போன் பண்ணாமல் இருப்பேனா? எத்தனை தடவை அடிச்சேன்னு இதைப் பாருங்க. டவர் இல்லை, இல்லைன்னா அவர் எடுக்கலை. வண்டி ஓட்டும்போது போனை அந்தம்மா கைப்பைக்குள்ளே போட்டுவிடுகிற ஜாதி அவர். வீட்டு போனுக்கு அடிச்சால் வேலைக்கார அம்மா எடுக்குது. 'பத்து மணிக்குத்தான் கிளம்பறதா இருந்தாங்க, வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்னு அப்பவே கிளம்பிட்டாங்களே' என்கிறது. கோயமுத்தூரில் மகள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போறாங்க.

நான் சும்மா பஸ்ஸில் கிளம்பலைங்க. என் ஸ்டாக்கில் இருந்து ஒரு வண்டியை எடுத்துக்கொண்டுதான் விரட்டி வந்தேன். கல்லாறு பாலத்துக்கிட்ட ரேடியேட்டர் கொதிச்சுப் புகை விட்டு நின்னு போச்சு. நல்ல வண்டிங்க அது. வேணும்னா வந்து பாருங்க, உங்க குடும்பத்துக்குப் பொருத்தமாக இருக்கும். அதை விடுங்க இப்போ.

அது? இல்லை, அது ஆட்டோ. மஞ்சள்னதும் அதுதான்னு நினைச்சுட்டேன்.

டிரைவர் அண்ணா! கொஞ்சம் மிதிங்கண்ணா! ஒரு உயிர் விஷயம்!

பார்த்தீங்களா அந்த ஆள் பதிலை? 'முன்னாடி நாப்பது வண்டி நிக்குது, மேல ஏறிப் பறக்கட்டுமா'ங்கறான். சீசன் கூட்டம். நேரம் பார்த்து எல்லாரும் ஊட்டிக்குக் கிளம்பிட்டாங்க.

நான் யாருன்னா, சென்னியப்பன். சென்னியப்பன் கார்ஸ்னு கேட்டால் ஒண்டிப்புதூரில் யாரும் வழி சொல்வாங்க. எட்டாவதோடு படிப்பு முடிஞ்சுது. காங்கயத்துப் பக்கம் மாட்டுச் சந்தையில் தரகருக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கிற வேலை. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவாங்க பாருங்க, அதுதான் எனக்குக் காலேஜ். எதிராளி விரல் எந்த இடத்தில் நடுங்குதுன்னு கண்டுபிடிச்சால் ஜெயிச்சாச்சு. அப்புறம் லாரிப் பட்டறை, அப்புறம் பழைய வண்டி. ஏமாந்திருக்கேன். அடி வாங்கியிருக்கேன். யாரோ திருடின வண்டியைத் தெரியாமல் வாங்கி ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கேன். அதனால் எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தர வேண்டியதில்லைங்க.

சந்தையில் ஒண்ணு பண்ணுவாங்க. விற்கக் கொண்டுவருகிற மாட்டுக்குக் கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, சிவப்பு வர்ணம் அடிச்சு நிறுத்துவாங்க. மாடு அதே மாடு. ஆனால் பார்க்கிறவன் கண்ணு வேற ஆயிடும். எனக்கு அந்தப் பாடம் மறக்கவே இல்லை.

இந்த மஞ்சள் வண்டி ஒரு மில்காரர் வீட்டில் பத்து வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெளிநாட்டு வண்டி, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நான் பேசின பேச்சில் அவர் தலை சுத்திக் கொடுத்துட்டார். என்ஜின் பிரமாதம். ஆனால் சக்கரத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் காலிப்பர் நாலும் துரு. காலிப்பர் தெரியுங்களா? சக்கரத்தோடு ஒரு இரும்புத் தட்டு சுத்தும், அதை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சு நிறுத்துகிற கவ்வி. பிரேக்கே அதுதான். விரலால் தொட்டால் பப்ஸ் மாதிரி பொலபொலன்னு உதிருது. ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கரம் எல்லாம் கம்பி கம்பியாகத் திறந்து கிடக்கும், உள்ளே இருக்கிறது அத்தனையும் வெளியே தெரியும். எனக்குக் கொம்பு ஞாபகம் வந்துச்சு. சிவப்பு அடிச்சால் எடுப்பா இருக்கும்னு தோணுச்சு.

சிங்காநல்லூரில் அவன் பட்டறை. பட்டறைன்னா அவனோடது இல்லை, இடம் என்னோடது. பதினாறு வருஷமாக என் வண்டிக்கெல்லாம் அவன்தான் கை வைக்கிறான். கூப்பிட்டுச் சொன்னேன். சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தான். பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

'ண்ணா, பெயிண்ட் அடிச்சா அழகாத்தான் இருக்கும். உள்ள பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டிட்டு நிக்குது. நாலையும் கழட்டி, சீல் மாத்தி, அதுக்கப்புறந்தான் பெயிண்டு.'

'எத்தன நாளு?'

'பத்து.'

'மூணு.'

'ஏனுங்ணா, பெயிண்ட் காயறதுக்கும் பேரமா?'

'ஏழு. கடைசி வார்த்தை.'

அவன் சிரிச்சான். எனக்கு அப்பவே பிடிக்கலை. பேரம் பேசும்போது சிரிக்கிறவனை நம்பக் கூடாது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாதுங்க, கை சுத்தம். காற்று பிடிக்கிற ஹோஸை வைத்துப் பிஸ்டனைத் தள்ளினான் பாருங்க, டப்புன்னு வேட்டு மாதிரி வந்து விழுந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இரும்பு வெள்ளை வெளேர்னு வந்துடுச்சு. புது சீல், புது ரப்பர் உறை. பெயிண்ட் படக் கூடாத இடத்துக்கெல்லாம் டேப் ஒட்டினான், கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்கிற மாதிரி அவ்வளவு பொறுமை. சூடு தாங்குகிற சிவப்பு, மூணு கோட்டு. ஒரு கோட்டு காய்ந்து அடுத்தது. கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான், கறிக்கடை மாதிரி. பார்த்ததும் எனக்கே அந்த வண்டியை விற்க மனசில்லை.

அந்த நேரத்தில்தான் ஜோகி சார் வந்தார். குன்னூர்க்காரர், படுகர், தேயிலை ஃபேக்டரியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். அவர்தான் இப்போ இறங்கி வருகிறவர். காலேஜ் படிக்கும்போது யாரோ வெள்ளைக்காரர் இதே மாதிரி ஒண்ணில் போனதைப் பார்த்தாராம், அன்னிக்கு இருந்து ஆசையாம். அவர் சம்சாரம் மாதியம்மா தலையில் அடிச்சுக்கிச்சு. 'பேரன் எடுத்த வயசுல ரெண்டு சீட்டு வண்டி. பேரனை எங்க உக்கார வெப்பீங்க, டிக்கியிலயா?' அவர் சிரிச்சுக்கொண்டே வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். விரல் நடுங்குச்சு சார். நான் பார்த்தேன்.

'எப்ப எடுத்துக்கறீங்க?'ன்னேன்.

'ஒண்ணும் அவசரமில்ல சென்னியப்பன், வேலையெல்லாம் மெதுவா முடியட்டும். அடுத்த வாரம்கூட எடுத்துக்கறேன்.'

மெதுவா! எங்க தொழிலில் அந்த வார்த்தையைக் கேட்டால் வியாபாரம் போச்சுன்னு அர்த்தம். மெதுவான்னு சொல்கிற பார்ட்டி வீட்டுக்குப் போய் யோசிக்கும். மகன் போன் பண்ணுவான், மருமகன் போன் பண்ணுவான். 'சார், புதன்கிழமை நல்ல முகூர்த்தம். வண்டி குளிச்சு ரெடியா நிக்கும், நீங்க வர்றீங்க, சாவி வாங்கறீங்க'ன்னு கையைப் பிடித்துக் குலுக்கி முடிச்சுட்டேன்.

அவன் என்ன சொல்றான்? புதன்கிழமை தாராபுரத்தில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்தாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணுமாம். 'வியாழக்கிழமை காலையில வந்து என் கையால மாட்டித் தர்றேன்ணா. அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம். பெயிண்டும் நல்லா இறுகிடும்.' சொல்லிவிட்டு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிட்டான். நீங்களே சொல்லுங்க, என் வாக்கு பெரிசா, அவன் மடி பெரிசா?

இருங்க இருங்க. அங்கே, வளைவில்... சே. லாரி.

எத்தனாவது வளைவு இது? மூணா? இன்னும் பதினொண்ணு இருக்கு. அட கருமமே.

எங்கிட்ட மாத்துச் சாவி இருக்குது, என் இடம்தானே. புதன்கிழமை காலையில் ரங்கராசைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் டயர் கடை வச்சிருக்கான், சக்கரம் கழட்டி மாட்டுகிறதில் கில்லி. நானும் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிச்ச கைதான். கம்பியில் இருந்து எடுத்தோம், மாட்டினோம், போல்ட்டு முறுக்கினோம், பிரேக் ஆயில் ஊத்தினோம். ரெண்டு மணி நேரம். பத்து நாள் கேட்டான் அவன்!

ஆனால் முன் சக்கரத்துக் காலிப்பர் ரெண்டும் பார்க்க ரெட்டைப் பிள்ளை மாதிரி ஒண்ணாவே இருக்குது. எது இடது, எது வலதுன்னு ஒரு அடையாளம் கிடையாது சார்! எழுத்துப் போட்டிருந்த இடத்தையும் சேர்த்துப் பெயிண்ட் அடிச்சு மூடிட்டான். இதெல்லாம் ஒரு மெக்கானிக் செய்கிற வேலையா? ரங்கராசு கேட்டான், 'ஏனுங்ணா, இது இந்தப் பக்கந்தானுங்களா?' எது பொருந்துதோ அது சரின்னேன். பொருந்துச்சு. ரப்பர் ஹோஸ் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்னுச்சு. புது ஹோஸ், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

அதில் என்ன சங்கதின்னா, காலிப்பரில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். பெடலை மிதிக்க மிதிக்க அதைத் திறந்து உள்ளே இருக்கிற காற்றை வெளியே எடுக்கணும். காற்று மேலேதானே நிக்கும்? அதனால் நிப்பிள் மேல் பக்கம் இருக்கணும். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் நிப்பிள் கீழே போயிடும். நாம திறந்து திறந்து பார்ப்போம், ஆயில் மட்டும் சுத்தமாக வரும், காற்று மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பெடலை ரெண்டு தடவை மிதிச்சால் பிரேக் பிடிக்கும். மூணு தடவை மிதிச்சால் இன்னும் நல்லாப் பிடிக்கும். சமதரையில் ஒண்ணும் தெரியாது. ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? ஜோகி சார் புதன்கிழமை ஜம்முன்னு ஓட்டிக்கொண்டு மலை ஏறிட்டார். ஆனால் இறங்கும்போது...

எனக்கு இது இன்னிக்குக் காலையில்தான் தெரியுங்க. சத்தியமா.

அடையாளமே வைக்கலையான்னு கேக்கறீங்களா? ஒரு கிழிசல் துணி. ஒண்ணில் மட்டும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வச்சிருந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டோ எடுக்கப் போனேன், பார்ட்டிக்கு அனுப்பி ஆசை காட்டணுமே, அழகான சிவப்புக்கு நடுவில் அந்தக் கிழிசல் அசிங்கமாகத் தொங்குச்சு. பிளேடால் அறுத்துப் போட்டேன். அது அடையாளம்னு அதில் எழுதியா வச்சிருந்தது? வாயைத் திறந்து சொல்லியிருக்கணும் அவன். தொடாதேன்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

வியாழக்கிழமை வந்தான். நெத்தியில் சந்தனம்கூடக் காயலை. வெறும் கம்பியைப் பார்த்துட்டு நேரே யார்டுக்கு வந்தான்.

'யாருங்ணா மாட்டினது?'

'நாந்தான். ஏன், உலகம் அழிஞ்சிருச்சா?'

'எது இடது, எது வலதுன்னு எப்படிப் பாத்தீங்க?'

நாலு பார்ட்டி உட்கார்ந்திருக்காங்க சார் யார்டில். அவங்க முன்னாடி கேக்கறான்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிப்போச்சு. 'வண்டி போயாச்சு, பார்ட்டிக்கு சந்தோஷம். நீ போய் உன் வேலையைப் பாருடா'ன்னு போட்டேன் ஒரு சத்தம். அவன் குரலை உசத்தலை. 'ஒரு தடவ வண்டிய வரச் சொல்லுங்ணா. நான் சும்மா எட்டிப் பாத்துட்டு விட்டர்றேன். இல்லீன்னா அட்ரஸ் குடுங்க, நானே குன்னூர் போறேன்.' பார்த்தீங்களா வேலையை? விற்ற வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டால் பார்ட்டி என்ன நினைப்பார்? 'எம்மேல குத்தம் கண்டுபிடிக்க மலை ஏறுவியா? சாவிய வெச்சுட்டு வெளிய போடா'ன்னுட்டேன். வச்சுட்டுப் போயிட்டான். பதினாறு வருஷம். திரும்பிக்கூடப் பார்க்கலை. அவ்வளவு அகம்பாவம்.

வெள்ளிக்கிழமை ஜோகி சாரே ஒரு போன் பண்ணினார். 'சென்னியப்பன், பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்கே'ன்னார். நான், 'ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படித்தானுங்க சார், ரெண்டு மிதி மிதிச்சு ஓட்டுங்க, பழகிடும்'னேன். எல்லாரும் சொல்கிறதுதானே? தெரிஞ்சா சொன்னேன்?

கண்டக்டர், என்னங்க முன்னாடி? ஏன் நிக்குது? நகருதா? சரி. நகருட்டும்.

இன்னிக்குக் காலை எட்டு மணிக்கு அவன் போன். மூணு நாளைக்கு அப்புறம். வண்டிச் சாவி கொடுத்தபோது எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வச்சிருந்தேன், நேத்துத்தான் போட்டேன். அதைப் பெரிசு பண்ணிப் பார்த்திருக்கான். 'ண்ணா, நிப்பிள் கீழ இருக்குதுங்ணா. ரெண்டும் மாறிக் கெடக்குது. வண்டி எங்க இருக்குது?' அப்பத்தான் எனக்கு அந்த முறுக்கின ஹோஸ் ஞாபகம் வந்துச்சு. ஆனால் விட்டுக் கொடுக்க முடியுமா? 'எழுத்த மூடி பெயிண்ட் அடிச்சவன் நீ. துணி கட்டினதைச் சொல்லாதவன் நீ'ன்னு பிடிச்சேன். 'அத அப்புறம் திட்டிக்கங்க. அவரு இறங்கறாரா? எந்த ரோடு?' 'பத்து மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுல'ன்னேன், மகள் வீட்டுக்கு வரேன்னு அவர் சொல்லியிருந்தார். சொல்லி முடிக்கலை, டக்குன்னு கட் பண்ணிட்டான்! பேசிக்கொண்டிருக்கும்போதே! பண்ணினதையும் பண்ணிட்டு, இக்கட்டில் என்னை விட்டுட்டு, போனை வச்சுட்டான் சார்.

என்னங்க? எட்டு மணிக்கே தெரிஞ்சுதே, அப்பவே ஜோகி சாருக்குப் போன் பண்ணியிருக்கலாமேன்னா?

பண்ணினேங்க.

எடுத்தார். அப்போ எடுத்தார்.

'சொல்லுங்க சென்னியப்பன், சாப்பிட்டாச்சா'ன்னார். பின்னாடி அந்தம்மா குரல், 'டிக்கியில பேரனுக்கு வர்க்கி பிஸ்கட் வெக்க எடம் இருக்கான்னு கேளுங்க'ன்னு கேலி பண்ணுது. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான், 'சார், இன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாம். இன்னிக்கு அஷ்டமி, நாள் நல்லா இல்லை'ன்னேன். அவர் இன்னும் சிரிக்கறார். 'நான் நாள் எல்லாம் பாக்கறதில்ல சென்னியப்பன். ஏன், வண்டியில ஏதாச்சும் குறையா?'

கேட்டார் சார். நேராகவே கேட்டார்.

'சேச்சே, வண்டி தங்கம்'னேன்.

வாயில் வந்துடுச்சு. முப்பது வருஷமாக அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும், நான் யோசிக்கிறதுகூட இல்லை. அவர் வச்சுட்டார். நானும் கிளம்பிட்டேன். நேரில் போய்ச் சொல்லிக்கலாம், சத்தமில்லாமல் கழட்டி மாட்டிக்கலாம்னு. அதுக்கப்புறம் வழி நெடுக அடிக்கிறேன், எடுக்கலை. இப்போ சொல்லிடுவேன். இப்போ எடுத்தால் முதல் வார்த்தையே பிரேக்குன்னு சொல்லிடுவேன். எடுக்கணுமே!

என்னை அப்படிப் பார்க்காதீங்க. நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அவன் வியாழக்கிழமை மாட்டுகிறதைச் செவ்வாய்க்கிழமை மாட்டிக் கொடுத்துட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தால் இது நடக்குமா? அதைச் சொல்லுங்க.

நிறுத்திட்டான். ஏன் நிறுத்திட்டான்? எதிரேயும் ஒண்ணும் வரலை. அஞ்சு நிமிஷமாக எதிரே ஒரு வண்டியும் வரலை சார், கவனிச்சீங்களா?

கண்டக்டர் இறங்கிப் போறார். வரட்டும். வரட்டும். தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? வேண்டாம், குடிக்க முடியலை.

வர்றார். நீங்க கேளுங்க சார்.

சின்ன வண்டியாம். மலைப்பக்கம் மண்ணில் மூஞ்சியைக் குத்திக்கொண்டு நிக்குதாம். ஒரு பக்கமாகத்தான் விடறாங்களாம். கலர் கேளுங்க. கலர்!

மஞ்சள்.

ஆளு? ஆளுக்கு என்னன்னு கேளுங்க.

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? நிஜமாவா? நடக்கறாங்களா? கண்டக்டர், கண்ணால் பார்த்தீங்களா, கேட்டதைச் சொல்றீங்களா? பார்த்தாரா. சரி. சரிங்க. ஒண்ணுமில்லைங்க சார், கண்ணில் தூசி. மலைக் காத்து.

என்ன சொல்றார் அவர்? யாரோ ஒருத்தன் கீழே இருந்து பைக்கில் பறந்து வந்தானாம். ரெண்டு வளைவுக்கு மேலே அந்த வண்டியைப் பார்த்து, பைக்கைத் திருப்பி, அதுக்கு முன்னாடியே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டை ஒதுக்கிக்கொண்டு இறங்கினானாம். கியரைக் குறைங்க, கை பிரேக்கைப் பிடிங்க, மண்ணுப் பக்கம் சாயுங்கன்னு கையைக் காட்டிக் காட்டிக் கத்தினானாம். பிரேக் சுத்தமாக விழுந்து போயிருந்துச்சாம். அவன் மட்டும் வரலைன்னா அடுத்த வளைவில் நேரே பள்ளம்கிறார்.

எவனோ.

பஸ் நகருது. மெதுவா. நம்ம ஜன்னல் பக்கந்தான். அதோ, மஞ்சள். பம்பர் போச்சு. ஒரு லைட் போச்சு. ஜோகி சார் கல் மேல் உட்கார்ந்திருக்கார், அந்தம்மா அவர் முதுகைத் தடவுது. ரத்தம் ஒண்ணும் இல்லை. இல்லைதானே? உங்களுக்குத் தெரியுதா? இல்லை.

இடது முன் சக்கரத்தைக் கழட்டி வச்சிருக்கான். ஜாக்கி போட்டு, கல்லு அண்டை கொடுத்து, ரோட்டோரம் உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கான். சட்டையெல்லாம் செம்மண்ணு.

அவன்தான்.

பார்த்துட்டான். பஸ் ஏன் இங்கே வந்து நிக்கணும்? நேர் ஜன்னலுக்குக் கீழே!

'ண்ணா! வந்துட்டீங்களா? இறங்குங்க. மாத்தி மாட்டிட்டேன், காத்து எடுக்கணும். பெடல் மிதிக்க ஒரு ஆளு வேணும்.'

கேட்டீங்களா அவன் கூப்பிடறதை?

இருங்க, ஜோகி சார் எழுந்து வர்றார். 'யாரு, சென்னியப்பனா? பஸ்ஸிலயே வந்துட்டீங்களா? உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடணுங்க. போட்டோவப் பாத்து சந்தேகப்பட்டு நீங்கதான் இவரை அனுப்பினீங்கன்னு சொன்னாரு. பெரிய மனசு. இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் உங்களாலதான்...'

நானா அனுப்பினேன்? நான் அனுப்பினதா சொன்னானா?

அவன் தலையே நிமிரலை பாருங்க. ஸ்பேனரைத் துடைச்சுக்கொண்டே இருக்கான். 'ண்ணா, வெயில் ஏறுது. வாங்க. மிதிச்சு மிதிச்சு விட்டா போதும், நான் கீழ பாத்துக்கறேன்.'

கால் எழ மாட்டேங்குது சார். முட்டி பூட்டிக்கிச்சு. உட்கார்ந்தே வந்தேன்ல.

நான் போய் அந்தச் சீட்டில் உட்காரணும். அவன் கீழே படுத்துக்கொண்டு மிதின்னுவான், நான் மிதிக்கணும். விடுன்னுவான், விடணும். அந்தம்மா பக்கத்தில் நின்னு பார்த்துக்கொண்டு இருக்கும். ஜோகி சார் கும்பிட்டுக்கொண்டு நிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் கும்பிடுவார். எப்படிங்க அது?

என்ன கண்டக்டர்? ஆமா, இந்த வண்டியைத்தான் தேடினேன். இறங்கலையான்னா? குன்னூருக்குத்தானே டிக்கெட் எடுத்தேன்? கொடுத்த டிக்கெட்டுக்குக் கொண்டுபோய் விடுங்க! விசில் அடிங்க, பின்னாடி எத்தனை வண்டி நிக்குது, அறிவு வேண்டாம்?

நகருது. நகருட்டும்.

'ண்ணா! ஏனுங்ணா!'

கூப்பிடறான் பாருங்க, ஊரே பார்க்கிற மாதிரி. தள்ளுங்க சார், தலையை வெளியே விடணும். டேய்! எதுக்குடா என்னக் கூப்பிடற? துணி கட்டினவன் நீ, எழுத்த மூடினவன் நீ, ஊருக்குப் போனவன் நீ! ரோட்டில போற ஒருத்தனக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லு! காத்து ஒரு சொட்டு இருக்கக் கூடாது, கேக்குதா? அவங்க ரெண்டு பேரையும் பத்திரமா மகள் வீட்டில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நீ வீட்டுக்குப் போகணும்! கேக்குதாடா? எல்லாத்தையும் நீதான் சரி பண்ணணும்! நீதான்!